டிஜி யாத்ரா: ஒன்றரை வருடம் பயன்படுத்திவிட்டு ஏன் விட்டேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிஜி யாத்ரா வேகமானதுதான். வேலை விஷயமாக மாதம் ஒரு முறையாவது சென்னையிலிருந்து டெல்லிக்கோ ஐதராபாத்துக்கோ போய் வருகிறேன். ஒன்றரை வருடம் இந்தச் செயலியைப் பயன்படுத்தினேன், இப்போது மூன்று மாதமாகத் தொடவில்லை. "நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்துச்சு, ஏன் விட்டீங்க?" என்று அலுவலகத்தில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கி முடியவில்லை, அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

தெரியாதவர்களுக்கு: உள்நாட்டு விமானத்தில் போகும்போது, வாசலில் நிற்கும் காவலரிடம் அடையாள அட்டையையும் டிக்கெட்டையும் நீட்டாமல், கேமராவுக்கு முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போகும் ஏற்பாடு இது. 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசி விமான நிலையங்களில் தொடங்கினார்கள். அடுத்த வருடம் ஐதராபாத், கொல்கத்தா, மும்பை, கொச்சி என்று பரவி, 2024-இல் சென்னைக்கும் கோவைக்கும் வந்து சேர்ந்தது. செயலியை இறக்கி, ஓடிபி போட்டு, அரசின் ஆவணப் பெட்டகச் செயலியான டிஜிலாக்கர் வழியாக ஆதாரை இணைத்து, ஒரு செல்ஃபி எடுத்தால் பதிவு முடிந்தது. அப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கும் போர்டிங் பாஸை அதில் ஏற்றி, கிளம்பும் விமான நிலையத்துக்குப் பகிர வேண்டும். எனக்கு முதல் தடவை எல்லாம் சேர்த்து ஆறேழு நிமிடம் ஆனது, அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட இல்லை.

திங்கட்கிழமை காலை விமானம் பிடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். விடியற்காலை நாலரை மணிக்கு வாசலில் வரிசை டிராலிகளோடு வளைந்து நிற்கும், தூக்கம் கலையாத குழந்தைகள் தோளில் தொங்கும், பக்கத்து டிஜி யாத்ரா வழியில் மூன்று பேர் இருப்பார்கள். பார்கோடைக் காட்டி, கண்ணாடியைக் கழற்றி, கேமராவை நிமிர்ந்து பார்த்தால் தடுப்பு விலகும். பத்து நொடி. உள்ளே பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் இடத்திலும் அதே மாதிரி முகத்தைக் காட்டினால் போதும். எனக்கு ஒரு முறைகூட மக்கர் பண்ணியதில்லை.

ஆனால் அந்த வேகம் எதனால் வருகிறது என்று சில பயணங்களுக்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். கேமரா ஒரு காரணம், சரி. இன்னொரு காரணம், அந்த வழியில் ஆட்கள் குறைவு என்பது. எல்லோரும் அதற்கு மாறிவிட்டால் அங்கேயும் டிராலி வரிசை வளையத்தான் செய்யும். உண்மையில் நேரம் தின்னும் இடம் பையைத் தட்டில் வைத்து, பெல்டைக் கழற்றி, லேப்டாப்பை வெளியே எடுக்கும் அந்தச் சோதனைதான், அங்கே முகம் காட்டியவருக்கும் அட்டை காட்டியவருக்கும் ஒரே வரிசைதான். ஆக மொத்தம் எனக்கு மிச்சமானது பயணத்துக்குப் பதினைந்து, இருபது நிமிடம். அது சின்ன விஷயம் இல்லை, அதிகாலையில் இருபது நிமிடம் என்பது ஒரு காபியும் கொஞ்சம் நிதானமும். அதற்கு விலையாக நான் எதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதைத்தான் ரொம்ப நாள் யோசிக்காமல் இருந்துவிட்டேன்.

யோசிக்க வைத்தது அப்பா. போன வருடம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு டெல்லி போக வேண்டியிருந்தது. முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், அவர் போனிலும் இதை ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆதார் எண்ணைக் கேட்டபோது சொன்னார். ஓடிபியையும் படித்துச் சொன்னார். செல்ஃபிக்கு போனைத் தூக்கிப் பிடித்ததும் கையால் மெதுவாகத் தள்ளினார்.

"ஏம்மா, கையில டிக்கெட் இருக்கு, ஆதார் அட்டையும் இருக்கு. அப்புறம் எதுக்கு மூஞ்சியையும் குடுக்கணும்?"

"சீக்கிரம் உள்ள போயிடலாம்ப்பா."

"போட்டோவ யாரு வச்சுக்குவா?"

"யாரும் வச்சுக்க மாட்டாங்க, ஒரு நாள்ல அழிச்சிடுவாங்க."

"அழிச்சாங்கன்னு நமக்கு யாரு வந்து சொல்லுவா?"

முப்பத்து நான்கு வருடம் பதிவேடு பார்த்த வேலையில் இருந்தவர் அவர். ஒரு தாள் எங்கே போகிறது, யார் கையெழுத்தில் போகிறது, யார் அதைக் கிழிக்கிறார் என்பதெல்லாம் அவருக்குப் பழக்கமான கேள்விகள். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அவர் சாதாரண வரிசையில் நின்றார், நான் பத்து நொடியில் உள்ளே போய் அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பயணம் முடிந்து வந்துதான் இதன் கொள்கை ஆவணத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன்.

இதை நடத்துவது அரசுத் துறை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. டிஜி யாத்ரா ஃபவுண்டேஷன் என்று தனியாக ஒரு நிறுவனம், 2019-இல் கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி லாப நோக்கமற்றதாகப் பதிவு செய்யப்பட்டது. இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு அதில் 26 சதவீதப் பங்கு. மீதி 74 சதவீதம் டெல்லி, மும்பை, பெங்களூரு, ஐதராபாத், கொச்சி விமான நிலையங்களை நடத்தும் நிறுவனங்களிடம். திட்டத்தை அறிவிப்பது அமைச்சகம், வாசலில் நிற்பது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை, செயலியில் கேட்பது ஆதார், ஆனால் கேள்வி கேட்கப் போனால் எதிரே இருப்பது ஒரு தனி நிறுவனம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் அது வராது என்பதுதான் இதுவரை அமைச்சகத் தரப்பின் நிலைப்பாடு. பதிவேடு பார்த்த அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். தொழில்நுட்பமாக இதை யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். முகத் தகவல் ஒரே பெரிய கிடங்கில் குவிந்து கிடப்பதில்லை, பயணியின் போனிலேயே பூட்டி வைக்கப்படுகிறது, பயணத்துக்கு முன்னால் நாம் பகிர்ந்தால்தான் விமான நிலையத்துக்குப் போகும், விமானம் கிளம்பி 24 மணி நேரத்துக்குள் அங்கே அழிக்கப்படும் என்கிறார்கள். நம் ஊரில் புகைப்பட அடையாள அட்டையின் நகலை எத்தனை கடையில், எத்தனை லாட்ஜில் கொடுத்துவிட்டு மறந்திருக்கிறோம் என்று பார்த்தால் இது எவ்வளவோ மேல்.

சிக்கல் எங்கே என்றால், அதே கொள்கையில் இன்னொரு இடத்தில். பாதுகாப்புத் தேவைக்கு ஏற்ப இந்த அழிக்கும் ஏற்பாட்டை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும் என்றும், பாதுகாப்பு அமைப்புகளுக்கும் அரசின் மற்ற அமைப்புகளுக்கும் அந்தச் சமயத்தில் நடைமுறையில் உள்ள விதிகளின்படி பயணிகளின் தகவலைத் தரலாம் என்றும் இருக்கிறது. அந்தப் பத்தியை நான் மூன்று தடவை படித்தேன். 24 மணி நேரம் என்று விளம்பரப் பலகையில் எழுதியிருப்பது ஒரு வழக்கம்தான், வாக்குறுதி இல்லை. எப்போது மாற்றுவார்கள், யார் சொன்னால் மாற்றுவார்கள், மாற்றினால் எனக்குச் சொல்வார்களா என்பதற்கு அதில் பதில் இல்லை. அப்பா கேட்டதும் இதைத்தானே.

2024 டிசம்பர் கடைசியில் ஒரு செய்தி வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம், வரி ஏய்ப்பவர்களைப் பிடிக்க டிஜி யாத்ரா தகவலைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று. வருமான வரித் துறை உடனே மறுத்தது, விமானப் போக்குவரத்து அமைச்சகமும் மறுத்தது. அந்த மறுப்பை நான் நம்புகிறேன். ஆனால் அப்படி ஒன்றைச் செய்யவே முடியாது என்று சட்டத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தச் செய்தி அரை மணி நேரம்கூட நின்றிருக்காது, மறுப்பு அறிக்கையே தேவைப்பட்டிருக்காது.

ஒரு வேலைக்கு என்று வாங்கிய முகம் இன்னொரு வேலைக்குப் போவது நம் நாட்டில் நடக்காத விஷயமும் இல்லை. 2020 டெல்லி கலவரத்துக்குப் பிறகு மார்ச் மாதம் உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் முதலான தரவுகளை முக அடையாள மென்பொருளில் ஏற்றி 1,100 பேருக்கும் மேல் அடையாளம் கண்டதாகச் சொன்னார். கலவரம் செய்தவர்களைப் பிடிக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஓட்டுப் போடுவதற்காக என்று பள்ளிக்கூட வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ ஒரு நாள் காவல் துறையின் தேடலுக்குப் போகும் என்று அன்று யாரும் நம்மிடம் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

நம் மாநிலத்திலும் காவல் துறை முக அடையாள மென்பொருள் வைத்திருக்கிறது, 2021 முதல் மாநிலம் முழுக்க. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் யாரோ புகுந்து தகவலை எடுத்து இணையத்தில் விற்பனைக்கு வைத்தார்கள். ஒரு பயனரின் கடவுச்சொல் கசிந்ததால் நடந்தது என்று விளக்கம் வந்தது. ஒரே ஒரு கடவுச்சொல். அப்புறம் அது மாற்றப்பட்டிருக்கும். வெளியே போன விவரங்களுக்குச் சொந்தக்காரர்கள் எதை மாற்றிக்கொள்வது?

சரி, தவறு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று கேட்பவர்களுக்கு: இந்த இயந்திரம் தவறு செய்யும். டிஜி யாத்ரா வாசலில் தவறினால் காவலர் அட்டையைக் கேட்பார், அவ்வளவுதான். தெருவில் போலீஸ் கேமரா தவறினால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டிவரும். அமெரிக்காவில் டெட்ராய்ட்டில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை 2020 ஜனவரியில் மனைவி, குழந்தைகள் பார்க்க வீட்டு வாசலில் வைத்துக் கைது செய்தார்கள், கடைத் திருட்டு ஒன்றில் மென்பொருள் அவர் முகத்தைக் காட்டியது என்று. திருட்டு நடந்தபோது அவர் அந்தக் கடையிலேயே இல்லை. 2018-இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் செய்த ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெள்ளைத்தோல் ஆண்களிடம் 0.8 சதவீதம் வரைதான் தவறின, கருத்த தோல் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறின. நம் நிறத்துக்கு இது சும்மா படித்துவிட்டுப் போகிற செய்தி இல்லை. டெல்லி காவல் துறை காணாமல் போன குழந்தைகள் சுமார் 3,000 பேரை 2018-இல் நான்கே நாளில் இப்படி அடையாளம் கண்டதாகச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது, அதே வருடம் நீதிமன்றத்தில் அந்த மென்பொருளின் துல்லியம் 2 சதவீதம் என்று சொன்னதும் அதே காவல் துறைதான். 80 சதவீதம் ஒத்துப்போனால் அவர்தான் என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதும் பிறகு 2022-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர்களே கொடுத்த பதில். இவ்வளவுக்கும் முக அடையாளத்துக்கு என்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துவிடுகிறது.

இதெல்லாம் எங்கேயோ டெல்லியில், டெட்ராய்ட்டில் என்று படுகிறதா? எனக்குப் பக்கத்திலேயே பார்க்கக் கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செயலியை விட முடிவு செய்தது அதற்குப் பிறகுதான். விமான நிலையத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் குடியிருக்கும் அடுக்ககத்தில், பாதுகாப்புக்கு என்று வாசலில் ஒரு முகம் பார்க்கும் இயந்திரத்தை மாட்டினார்கள். வீட்டுக்காரர்களுக்கு இல்லை, வேலைக்கு வருபவர்களுக்கு மட்டும். சமையல் செய்பவர்கள், கார் துடைப்பவர்கள், இஸ்திரி போடுபவர் எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். சம்மதமா என்று யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா ஆடி மாதம் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் காலை தலையில் சந்தனத்தோடு வாசலில் நிற்கிறார், இயந்திரம் அவரை ஏற்கவில்லை. மறுபடி மறுபடி சிவப்பு. காவலாளி அண்ணனுக்கு அவரை ஆறு வருடமாகத் தெரியும், அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை மார்க் என்பது வரை தெரியும். ஆனால் இயந்திரம் பச்சை காட்டாமல் விடக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. செயலாளர் போனை எடுக்கும் வரை நாற்பது நிமிடம் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றிருக்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு. மேலே வந்ததும் அக்கா சொன்னார், "சாமிக்கு முடி குடுத்தது தப்பாப் போச்சுன்ற மாதிரி நிக்க வச்சிட்டாங்கம்மா." அவர் அன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை.

சங்கக் கூட்டத்தில் கேட்டேன், இந்தப் போட்டோவெல்லாம் எங்கே இருக்கிறது என்று. "கம்பெனிக்காரங்ககிட்ட இருக்கும் மேடம்." வேலையை விட்டுப் போனவர்களுடையது? யாருக்கும் தெரியவில்லை. நாலு மாதம் விடாமல் கேட்ட பிறகு, இயந்திரம் வேண்டாம் என்பவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம் என்று வாசலில் ஒரு நோட்டு வைத்தார்கள். அக்கா இப்போது அதில்தான் கையெழுத்துப் போடுகிறார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர்.

அந்த நோட்டு வந்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. வேண்டாம் என்று சொல்ல இன்னொரு வழி இருக்கிறதா, அந்த வழி அவமானம் இல்லாமல், தாமதம் இல்லாமல் நடக்கிறதா என்பதுதான் எனக்கு இப்போது முக்கியம். டிஜி யாத்ரா கட்டாயம் இல்லை என்று அரசு திரும்பத் திரும்பச் சொல்கிறது, அது உண்மைதான். ஆனால் 2024 தொடக்கத்தில், வாசலில் நிற்கும் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் பயணிகளைப் படம் எடுத்துப் பதிவு செய்துவிடுகிறார்கள் என்று பல ஊர்களிலிருந்து புகார்கள் வந்தன. அதைவிட எனக்குக் கவலை தருவது மெதுவாக நடப்பது. முக வழிகள் கூடக்கூட, அட்டை காட்டும் வழிகள் ஒவ்வொன்றாகக் குறையும். அப்போது வரிசை நீளும், விமானம் போய்விடுமோ என்ற பயத்தில் அப்பா மாதிரி ஆட்களும் போனைத் தூக்கிப் பிடிப்பார்கள், கணக்கில் அது விருப்பத்தோடு சேர்ந்தவர் என்று ஏறும். நான் அந்தக் குறுக்கு வழியில் போகும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கணக்கில் ஒன்று கூடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2024 மே மாதம் விமான நிலைய முக அடையாளம் பற்றியே ஒரு கருத்துரை கொடுத்தது. முகத் தகவல் பயணியின் கையிலேயே இருக்க வேண்டும், அல்லது மையத்தில் பூட்டி வைத்தாலும் திறக்கும் சாவி பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். டிஜி யாத்ரா பாதி தூரம் அங்கே போய்விட்டது, போனில் வைத்திருக்கிறார்களே. மீதிப் பாதிக்கு அந்தப் பாதுகாப்புத் தேவை என்ற பத்தியை எடுக்க வேண்டும் அல்லது அதை ஒரு சட்டத்துக்குள், ஒரு நீதிபதியின் கையெழுத்துக்குள் கொண்டுவர வேண்டும். வெளி ஆட்களைக் கொண்டு தணிக்கை செய்து, அழித்தார்களா இல்லையா என்று எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வர வேண்டும். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துச் சொன்னார்கள், அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். நான் கேட்பது அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மதிப்பெண் கேட்டால்: வேகத்துக்கு ஐந்துக்கு நாலரை, பயன்படுத்த எளிமைக்கு நாலு, நம்பிக்கைக்கு இரண்டு. மேலே கேட்ட மூன்றும், அந்தப் பத்தி, தணிக்கை, தகவல் உரிமை, நடந்தால் மறுநாளே திரும்ப இறக்கிக்கொள்வேன். நீங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்றால் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, கைக்குழந்தையோடு தனியாகப் பயணம் செய்யும் அம்மாவுக்கு அந்த இருபது நிமிடம் என்ன என்பது எனக்குத் தெரியும். பெரியவர்கள் போனில் மட்டும் அவர்களைக் கேட்காமல் ஏற்றிவிடாதீர்கள். வாசலில் யாராவது டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு கேமராவைப் பாருங்கள் என்றால், எதற்கு என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் அட்டையைக் காட்டுங்கள். அட்டை காட்டும் வழியை நாம் விட்டுவிட்டால் அது இல்லாமலே போய்விடும்.

சாதாரண வரிசையில் போன வாரம் எனக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது. காவலர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிக்கெட்டில் பெயரைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை விமானம் என்றால் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள், அட்டையைப் பையின் அடியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.